இடைவேளையிலேயே முடிந்திருக்க வேண்டிய படம்

என் அப்பாவும் அம்மாவும் ஒரு சினிமாவால் பேச்சை நிறுத்தியவர்கள். சொத்துத் தகராறு இல்லை, மாமியார் கொடுமை இல்லை, குடி இல்லை. ஒரு கதாநாயகி பஸ் ஸ்டாப்பில் பன்னிரண்டு வருஷம் நின்றாள். அதுதான் காரணம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று ரொம்ப நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். இப்போது சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

சித்தி குடும்பத்தோடு சேர்ந்து பார்த்த படம் அது. காதலனின் அம்மா சாகும்போது அவனிடம் சத்தியம் வாங்குகிறாள், அந்தப் பெண்ணை இனிமேல் பார்க்கக் கூடாது என்று. ஏன் என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. சாகப்போகிறவர்களைக் கேள்வி கேட்பது சினிமாவில் மரியாதைக் குறைவு போலிருக்கிறது. அவன் காதலியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் துபாய்க்குப் போய்விடுகிறான். அவளோ அவர்கள் வழக்கமாகச் சந்திக்கும் பஸ் ஸ்டாப்பில் தினமும் வந்து நிற்கிறாள். பன்னிரண்டு வருஷம் கழித்தும் தலையில் ஒரு நரை கிடையாது, கண் மை கூடக் கலையவில்லை. படம் முடியும்போது அம்மாவின் முந்தானை நனைந்து பிழியலாம் போல இருந்தது.

அப்பா எப்படிப்பட்டவர் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பாகம் பழுதாகி வந்தால் ஏன் என்று கேட்பார்கள். பதில் வந்ததும் அதற்கும் ஏன் என்று கேட்பார்கள். இப்படியே கேட்டுக்கேட்டு மிஷினோ மனுஷனோ யாராவது ஒருவர் மாட்டிக்கொள்ளும் வரை விடமாட்டார்கள். அதை ஆங்கிலத்தில் 'ஒய்-ஒய்' போடுவது என்று சொல்வார்கள். அப்பா அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். பால் பொங்கி வழிந்தால் எங்கள் வீட்டில் யாரும் அடுப்பைத் துடைக்க முடியாது. முதலில் விசாரணை நடக்கும்.

தியேட்டரை விட்டு வெளியே வந்ததும், கையில் பப்ஸோடு நின்ற அம்மாவிடம் அப்பா ஒய்-ஒய் போட ஆரம்பித்தார். "அவ எதுக்கு பஸ் ஸ்டாப்ல நிக்கறா? அவன் சித்தப்பன் அதே தெருவுலதானே இருக்கான், அவனைக் கேட்டா நம்பர் குடுக்க மாட்டானா? அதை விடு, பன்னெண்டு வருஷமா ஒரே எடத்துல இருக்கற பஸ் ஸ்டாப் எந்த ஊர்ல இருக்கு? நம்ம அடுகோடி ஸ்டாப்பை எத்தனை தடவ தள்ளி வச்சான்?"

"அவனால சொல்ல முடியலைங்க. அதான் காதல்," என்றாள் அம்மா.

"சொல்லித் தொலைச்சிருந்தா இடைவேளையிலயே எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம்."

இதற்குச் சித்தப்பா சிரித்தார். அவர் சிரித்திருக்கக் கூடாது. அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அவளும் லூசு, அவளைப் பார்த்து அழறவளும் லூசு," என்றார். சமையலறையில் சொல்லியிருந்தால் அம்மா பதிலுக்கு இரண்டு சொல்லிவிட்டுப் போயிருப்பாள். தங்கச்சி புருஷன் முன்னால் சொன்னது வேறு விஷயம். அம்மா பப்ஸை என் கையில் கொடுத்துவிட்டு நேராகப் போய் ஆட்டோவில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் அம்மா என்னிடம் சொன்னாள்: "உங்கப்பாவை டிபன் சாப்பிடச் சொல்லு."

நம் வீடுகளில் இது புதுசு ஒன்றும் இல்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றால் நடுவில் ஒரு பிள்ளையை வைத்து எல்லாம் நடக்கும். அப்பாவைக் கேளு, அம்மாகிட்ட சொல்லு என்று இரண்டு நாள், மூன்று நாள் ஓடும். அப்புறம் யாருக்காவது காய்ச்சல் வரும், பேசிவிடுவார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது. நான் அப்போதே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். முழுசாக வளர்ந்த ஒரு பெண் ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமல், "அப்பா, உங்களுக்கு ரசம் வேணுமான்னு அம்மா கேக்கறாங்க," என்று நின்றதை நினைத்தால் எனக்கே பேஜாராக இருக்கிறது.

இதில் உச்சம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பிரியாணிக்குப் பிறகு டிவியில் படம். சோபாவின் நடுவில் நான், இடது பக்கம் அம்மா, வலது பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா. ஏதோ ஒரு படத்தில் காதலியின் அப்பன் செய்த கொலையைத் தான் செய்ததாக ஒப்புக்கொண்டு நாயகன் ஜெயிலுக்குப் போனான். அதையும் அவளிடம் சொல்லாமல்தான் போனான்.

"கத்தியில கைரேகை எடுக்க மாட்டாங்களான்னு உங்கம்மாவைக் கேளு," என்றார் அப்பா.

"ஒருத்திக்காக ஜெயிலுக்குப் போறதுன்னா இன்னான்னு உங்கப்பாவுக்கு ஜென்மத்துக்கும் புரியாதுன்னு சொல்லு."

"நான் ஜெயிலுக்குப் போயிட்டா லைஃப் சர்ட்டிஃபிகேட் யாரு குடுக்கறதாம்? பென்ஷன் நின்னுடும்னு சொல்லு."

ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகவே கேட்கும். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். இருந்தாலும் நான் திருப்பிச் சொன்னால்தான் அது சொன்னதாகக் கணக்கு. நான் வாயில் எதையாவது மென்றுகொண்டிருந்தால் முழுங்கும் வரை இரண்டு பேரும் காத்திருப்பார்கள். சில சமயம் நான் கொஞ்சம் நாகரிகப்படுத்திச் சொல்வேன். "உங்க கருத்துல அம்மாவுக்கு உடன்பாடு இல்லையாம்," என்பேன். "நான் அப்படிச் சொல்லல. மூளை எங்க போச்சுன்னு கேட்டேன். ஒழுங்கா சொல்லு," என்று அம்மா திருத்துவாள்.

இந்தக் காதல் படங்களைப் பற்றி எனக்கும் ஒரு கருத்து உண்டு. என் வேலையே ஓட்டை கண்டுபிடிப்பதுதான். வண்டி இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம்களைச் சரிபார்க்கிறேன். நாய் குறுக்கே வந்தது என்று எழுதுகிற பாதிப் பேருக்கு நாய் வந்திருக்காது, லைசென்ஸ் இல்லாத மச்சான் ஓட்டிக்கொண்டிருப்பான். நாலு வரி படித்தால் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட என்னை உட்காரவைத்துக் காதல் படம் காட்டினால் என்ன ஆகும்? கடைசிக் காட்சியில் நாயகி ஏர்போர்ட்டுக்கு ஓடுகிறாள். இந்த ஊரில் ஓடிப் பார்க்கட்டும். நெரிசலைத் தாண்டி ஹெப்பாள் மேம்பாலத்தில் ஏறுவதற்குள் அவன் ஃப்ளைட் துபாயில் இறங்கி, அவன் குளித்துச் சாப்பிட்டுப் படுத்திருப்பான். இன்னொருத்திக்குத் தலையில் அடிபட்டு எல்லாம் மறந்துபோகிறது. காதலன் மட்டும்தான் மறந்துபோகிறான், பரதநாட்டியம் மறக்கவில்லை. தனக்குப் புற்றுநோய் என்று ஒரு டாக்டர் சொன்னதை ஒருத்தன் காதலியிடம் மறைத்து, அவளை வேறொருவனுக்குக் கட்டிவைக்கிறான். இன்னொரு டாக்டரிடம் காட்டலாமே என்று அந்த ஊரில் ஒரு ஆளுக்குக் கூடத் தோன்றவில்லை.

இவர்களில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதவர்கள் தியாகிகள். பெரிய ஒரு காரியத்தை அடுத்தவருக்காக விட்டுக்கொடுத்துவிட்டு அதை அந்த அடுத்தவரிடமே சொல்லாமல், தூணில் சாய்ந்துகொண்டு அழுகிறவர்கள். சொன்னால் குறைந்தா போய்விடுவாய்? அந்த விஷயத்தில் நான் எப்போதும் அப்பா கட்சி. அம்மாவுக்கு அது தெரியும். "ரெண்டும் ஒரே கல்லுல செஞ்சது," என்பாள், டிவியைப் பார்த்து.

என் கம்பெனி கோயம்புத்தூரில் புதிதாக ஆபீஸ் திறந்தபோது ஒரு டீமுக்குத் தலைமையாக என்னைப் போகச் சொன்னார்கள். அடுகோடியில் ஒர்க்ஷாப்புக்கு மேல்மாடி வீட்டில், காலையிலிருந்து லேத் சத்தத்தில் வாழ்கிறவளுக்கு அந்த வேலை எப்படி இனித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். நான் போய்விட்டால் இந்த இரண்டு பேரும் ஒரு வீட்டில் ஊமைகளாக உட்கார்ந்திருப்பார்கள். அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் கூட யாரிடம் சொல்லச் சொல்வார்? மேனேஜரிடம் வீட்டு நிலைமை சரியில்லை என்றேன். "அப்பா அம்மா படுத்த படுக்கையா?" என்று பாவப்பட்டுக் கேட்டார். இல்லை சார், டிவி முன்னால் நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டினேன்.

போன வருஷம் வெயில் காலத்தில் அதே பதவி மறுபடி காலியானது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இந்த வாரக் கடைசிக்குள் பதில் சொல், இதற்கு மேல் கேட்க மாட்டார்கள் என்றார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. போக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தால், "உங்கப்பாவுக்கு மோர் வேணுமான்னு கேளு." இவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது?

மூன்றாம் நாள் ஆபீஸில் தண்ணீர் வரவில்லை. டேங்கர் லாரி வர நேரமாகும், வீட்டிலிருந்து வேலை பாருங்கள் என்று மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். நான் வந்தபோது கீழே ஒர்க்ஷாப்பில் சாப்பாட்டு நேரம், லேத் நின்றிருந்தது. மாடிப்படி ஏறும்போது மேலேயிருந்து பேச்சுக் குரல் கேட்டது. விருந்தாளி யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"பாருங்க, இப்ப அந்த லெட்டரைக் கிழிச்சுப் போடுவான்," என்றது அம்மாவின் குரல்.

"கிழிக்க மாட்டான். சட்டைப் பையில வச்சுக்குவான். அந்தச் சட்டையை இவ தோய்க்கப் போடுவா. லெட்டர் கூழாயிடும்." இது அப்பா.

அவர் சொன்னபடியே நடந்தது போலிருக்கிறது. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "எப்படிய்யா சொல்ற? போய்யா லூசு!" அப்பாவும் சிரித்தார்.

நான் படியில் அப்படியே நின்றேன். அம்மா சிரித்தே நான் கேட்டதில்லை என்றில்லை. ஆனால் இப்படி, வாயைப் பொத்தாமல், ஒரு சின்னப் பெண் மாதிரி சிரித்து நான் கேட்டதில்லை. முதலில் சந்தோஷமாக இருந்தது, பேசிவிட்டார்களே என்று. அடுத்த நொடியே புரிந்துவிட்டது. இன்றைக்குப் பேச ஆரம்பித்தவர்களின் பேச்சு இல்லை இது. நாக்கில் பழகிப்போன பேச்சு.

உள்ளே போனேன். இரண்டு பேரும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அம்மா சட்டென்று நகர்ந்து உட்கார்ந்தாள். அப்பா தொண்டையைக் கனைத்துவிட்டு என்னிடம், "அம்மாகிட்ட ஒரு டம்ளர் தண்ணி கேளு," என்றார். அவர் கையில் தண்ணீர் டம்ளர் இருந்தது.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"எத்தனை நாளா பேசிக்கிறீங்க?"

"சண்டை போட்டமே, அதுக்கு அடுத்த மாசத்துலேர்ந்து," என்றாள் அம்மா. "நீ ஆபீஸ் போயிருந்த. கரண்ட் போச்சு. டார்ச் எங்கன்னு கேட்டுட்டேன், வாய் தவறி. ஃப்ரிட்ஜ் மேலன்னாரு. அப்புறம் அப்படியே பேச்சு வந்துடுச்சு."

இவ்வளவுதான். மழை இல்லை, வயலின் இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டில் இல்லை. டார்ச் எங்கே, ஃப்ரிட்ஜ் மேலே. நாய் குறுக்கே வந்ததையே நம்பாத எனக்கு இது எப்படித் தெரியாமல் போனது? ஒரு தடவை நான் தோழி கல்யாணத்துக்கு ஓசூர் போய் நாலு நாள் கழித்து வந்தேன். வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, அப்பாவுக்குக் கன்னத்தில் கொஞ்சம் சதை கூடப் போட்டிருந்தது. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். எதிர்வீட்டு ஆன்ட்டி நடுவில் நின்று சேதி சொன்னார்கள் போல என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். இவ்வளவு மட்டமான கிளெய்மை வேறு யாராவது பாஸ் பண்ணியிருந்தால் அவர்களைக் கிழித்திருப்பேன்.

"அப்புறம் எதுக்கு என் முன்னாடி இந்த டிராமா? ஏன்?"

"உங்கம்மாவுக்கு வெக்கம்," என்றார் அப்பா. "அத்தனை வீறாப்பா இருந்துட்டு உடனே எப்படிப் பேசறதுன்னு."

"எனக்கா வெக்கம்? சும்மா இருங்க," என்றாள் அம்மா. அப்புறம் வேர்க்கடலைத் தோலைத் தட்டில் கூட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள். "உன்கிட்ட அன்னைக்கு சாயங்காலமே சொல்லணும்னுதான் இருந்தோம். நீ வந்த. பையை வச்சுட்டு நடுவுல உக்காந்து, இன்னைக்கு யாருக்கு யார் இன்னா சொல்லணும்னு கேட்ட. அந்தச் சண்டைக்கு முன்னாடி எங்ககூட நீ எங்க உக்காந்த? ஆபீஸ்லேர்ந்து வருவ, ரூமுக்குள்ள போவ, கதவைச் சாத்திக்குவ. சாப்பிட மட்டும் வெளிய வருவ, அதுலயும் ஃபோனைப் பாத்துக்கிட்டே. நாங்க பேசாம இருந்தப்பதான் நீ எங்ககிட்ட பேசின. சரி, இன்னும் ஒரு வாரம் போகட்டும்னாரு. அப்புறம் இன்னும் ஒரு வாரம்."

இந்த ஒரு காரணத்துக்கு மட்டும் அப்பா மறுபடி ஏன் என்று கேட்கவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர்கள் சொன்னது உண்மை என்பதால் இன்னும் ஜாஸ்தியாக ஏறியது. இத்தனை படத்தில் எத்தனையோ காரணங்களைக் கிண்டலடித்திருக்கிறேன், இதில் ஒரு ஓட்டை கிடைக்காதா என்று தேடினேன். கிடைக்கவில்லை. கிடைக்காததால் கத்தினேன்.

"உங்களுக்காகத்தான் கோயம்புத்தூர் வேலையை வேணாம்னு சொன்னேன்! நான் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் இன்னா பண்ணுவீங்கன்னு! இப்ப மறுபடியும் கூப்பிடறாங்க, சோறு இறங்காம கெடக்கறேன், நீங்க இங்க கடலை தின்னுட்டு..."

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். அப்பா டிவியை அணைத்தார். எங்கள் வீட்டில் படம் முடிவதற்கு முன்னால் டிவி அணைந்தது அன்றைக்குத்தான்.

"எந்தக் கோயம்புத்தூர் வேலை?" என்றார்.

சொன்னேன். அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்து, எப்போது கேட்டார்கள், என்ன பதவி, என்ன சொல்லி மறுத்தேன், எல்லாம். சொல்லச்சொல்ல அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. தன்னுடைய தொழிற்சாலையில் பழுதான பாகத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"இதை ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

துபாய்க்குப் போனவனும் ஜெயிலுக்குப் போனவனும் புற்றுநோய்க்காரனும் எனக்குப் பின்னால் வரிசையாக வந்து நின்றது போல இருந்தது. இத்தனை வருஷம் அவர்களைக் கழுவி ஊற்றியவள் நான்தான். சாப்பாட்டு நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். நீ போகாதே என்று இவர்கள் சொல்லிவிடுவார்கள் என்ற பயமா, போய்த்தான் வாயேன் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயமா, எனக்கே தெரியாது.

"போறியா?" என்றாள் அம்மா.

"போறேன்," என்றேன்.

"போ. அங்க தண்ணி நல்லா இருக்கும்," என்றாள். மூக்கை உறிஞ்சினாள். அப்பா பக்கம் திரும்பி, "அந்தப் பெரிய சூட்கேஸோட சக்கரம் உடைஞ்சிருக்கே, சரி பண்ணிட்டீங்களா?" என்றாள்.

"சக்கரம் நல்லாத்தான் இருக்கு, பூட்டுதான் போச்சு."

"பூட்டு நல்லா இருக்கு. நீங்க சாவியைத் தொலைச்சுட்டு பூட்டு போச்சுன்னு சொல்றீங்க."

"சாவி உன்கிட்டதான் குடுத்தேன்."

"எப்பக் குடுத்தீங்க?"

என் தலைக்கு மேலே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம், பேச்சு போய்க்கொண்டே இருந்தது. சண்டை சூடு பிடித்தது. நடுவில் உட்கார்ந்திருந்த என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, யாருக்கும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது.